ராஜிக்கு, 32வது கட்டைவிரலைப் பற்றி

அன்புள்ள ராஜி,

நலம். நீயும் அப்படித்தான் இருப்பாய். முட்டிவலி அதே முட்டியில்தான், மாத்திரைதான் மாறியிருக்கிறது. நீ கொடுத்தனுப்பிய மோர்மிளகாய் வந்து சேர்ந்தது, பாதியை மாப்பிள்ளை ஒருவரே தீர்த்துவிட்டார். ஏழு மாதமாகப் பேசவில்லை என்று நீ ஆரம்பிப்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், தப்பு என்னுடையதுதான், கெமிஸ்ட்ரி சார் குடைமேல் சத்தியம். போனிலேயே சொல்லலாம்தான். சொன்னால் நீ சிரிப்பாய், நானும் கூடச் சிரித்துத் தப்பித்துக்கொள்வேன். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் அடுக்குமாடியில் 64 வீடு, அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு. காலையில் பூப்படம், மத்தியானம் தண்ணீர் லாரி, ராத்திரி யார் வீட்டு நாய் என்ன செய்தது என்று ஓடிக்கொண்டிருக்கும். போன செவ்வாய்க்கிழமை செயலாளர் ஒரு அறிவிப்புப் போட்டார். வீட்டு வேலைக்கு வருபவர்கள் இனி லிஃப்டில் ஏறக் கூடாது, படியில்தான் வர வேண்டும். காரணம் கரண்ட் பில்லாம். நாங்கள் இருப்பது ஐந்தாவது மாடி. செல்விக்கும் என் வயதுதான், என்னைவிட மோசமான முட்டி.

அரை மணி நேரத்துக்குள் கட்டைவிரலாகக் குவிந்துவிட்டது. எண்ணினேன், 31. எனக்குக் கொதித்தது. 'நாய் லிஃப்டில் போகலாம், செல்வி போகக் கூடாதா?' என்று தட்டினேன். அழித்தேன். கொஞ்சம் மரியாதையாகத் தட்டினேன். அதையும் அழித்தேன். 'வயதானவர்களுக்கு மட்டுமாவது விலக்கு' என்று கெஞ்சலாகத் தட்டிக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது மாடி அம்மாள் குழுவில் கேட்டாள், "என்ன டீச்சர், ரொம்ப நேரமா டைப்பிங்னே காட்டுது?" எனக்கு வேர்த்துவிட்டது ராஜி. முப்பது வருஷம் பிரம்பைத் தூக்கிக்கொண்டு திரிந்தவள், ஒரு போனைப் பார்த்து வேர்த்தேன். அந்த அவசரத்தில் 32வது கட்டைவிரலை நான் போட்டேன்.

கூத்து அதற்கப்புறம்தான். அன்று ராத்திரியே மூன்று வீட்டிலிருந்து தனித்தனியாகச் செய்தி வருகிறது. 'இது ரொம்ப அநியாயம் டீச்சர்', 'நீங்களாவது கேப்பீங்கன்னு நெனச்சேன்', இந்த மாதிரி. போய்ப் பார்த்தால் மூன்று பேருமே கட்டைவிரல் போட்டவர்கள்! அவர்கள் என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள், நான் அவர்களைப் பார்த்துப் பயந்திருக்கிறேன்.

ரேவதியிடம் சொன்னேன். கல்லூரியில் இதழியல் நடத்துகிறவள், விடுவாளா, பாடமே எடுத்துவிட்டாள். எலிசபெத் நோயல்-நாய்மன் என்று ஒரு ஜெர்மன் அம்மாள், கருத்துக் கணிப்பு நிறுவனம் நடத்தியவர். 1965 தேர்தலில் இரண்டு பெரிய கட்சிகளும் மாதக்கணக்கில் ஏறக்குறையச் சமமாகவே ஓடிக்கொண்டிருந்தன. ஆனால் 'யார் ஜெயிப்பார்கள்?' என்று கேட்டால் மட்டும் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போயிருக்கிறது. கடைசி நேரத்தில் ஓட்டும் அந்தப் பக்கமே சாய்ந்து 47.6 சதவீதத்துக்கு 39.3 என்று முடிந்தது. அதைக் குடைந்து 1974-ல் 'மௌனச் சுழல்' என்று ஒரு கருத்தை வைத்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று எல்லோரும் மோப்பம் பிடித்துக்கொண்டே இருக்கிறோம், நம் பக்கம் ஆள் குறைவு என்று தோன்றினால் வாயை மூடுகிறோம், நாம் மூடியதாலேயே நம் பக்கம் இன்னும் சிறுத்துத் தெரிகிறது, அதைப் பார்த்து அடுத்த ஆளும் மூடுகிறார். காற்றை எங்கே மோப்பம் பிடிக்கிறோம் என்றால், பாதி பக்கத்து மனிதர்களிடம், பாதி பத்திரிகையிலும் டிவியிலும். (இந்த அம்மாளே இளவயதில், ஹிட்லரின் பிரசார மந்திரி கோயபல்ஸ் தொடங்கிய வாரப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். 1990களில் அமெரிக்காவில் அதைக் கிளறிப் பெரிய சண்டையே நடந்ததாம். நான் ஒன்றும் சொல்லவில்லை. 32வது கட்டைவிரலுக்கு அந்த யோக்கியதை கிடையாது.)

இதில் ஒரு விஷயம் கேட்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. யார் பேசுவார், யார் பேசமாட்டார் என்று பார்க்க அவர் வைத்த கேள்வி ரயில் பயணமாம். ஐந்து மணி நேரம் போக வேண்டும், எதிர் சீட்டில் ஒருவர் இந்த விஷயத்தைப் பேச ஆரம்பிக்கிறார், நீங்கள் பேச்சில் கலந்துகொள்வீர்களா, மாட்டீர்களா? நெல்லை எக்ஸ்பிரஸில் அந்த சஃபாரி சூட் மாமாவோடு செங்கல்பட்டில் ஆரம்பித்து, பெட்டியே தூங்கின பிறகும் திருச்சி வரைக்கும் விடாமல் மல்லுக்கு நின்றவளை அந்த அம்மாள் பார்த்திருந்தால் கேள்வியையே மாற்றியிருப்பார். எந்தக் காற்றுக்கும் வாயை மூடாத ஒரு சிறு கூட்டம் எப்போதும் மிஞ்சும் என்றும் எழுதியிருக்கிறாராம். நீ அதில் சேர்த்தி. நான் அன்றைக்கும் மேல் பெர்த்தில் போர்வையை இழுத்து மூடிக்கொண்டுதான் கிடந்தேன்.

சரி, சுற்றி வளைத்தது போதும். நான் எழுத வந்தது லிஃப்டைப் பற்றி மட்டும் இல்லை. 2005, ஆசிரியர் அறை.

குஷ்பு பத்திரிகையில் ஏதோ சொன்னார் என்று ஊரே துடைப்பத்தைத் தூக்கிய சமயம். டிவியைப் போட்டால் துடைப்பம், செருப்பு, கொடும்பாவி. ஒரு கும்பலை நெருக்கத்தில் வைத்துத் திரும்பத் திரும்பக் காட்டினால் தமிழ்நாடு முழுக்கத் தெருவில் நிற்கிற மாதிரித்தானே தெரியும்? அவருக்காகப் பேசப்போன சுஹாசினிக்கும் அதே அர்ச்சனை. நம் அறையிலும் ஆளாளுக்குத் திட்டிக்கொண்டிருந்தார்கள். நீ மட்டும்தான் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டாய், "அந்தப் பொண்ணு என்ன தப்பா சொல்லிட்டா? படிச்ச ஆம்பளை பெண்டாட்டிகிட்ட கன்னித்தன்மையை எதிர்பார்க்கக் கூடாதுன்னா, அதுக்கு இத்தனை ஆட்டமா?" ஒரு ஈ பறந்தால் கேட்டிருக்கும். அப்புறம் ஒருத்தி உன் வீட்டு வளர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். நீ டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு வெளியே போனாய்.

நான் அரையாண்டுத் தேர்வு வினாத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதாவது திருத்துகிற மாதிரி குனிந்துகொண்டிருந்தேன். நீ சொன்னது அத்தனையும் என் மனசில் இருந்ததுதான், முதல் நாள் ராத்திரி அவரிடம் அதையேதான் சொல்லிச் சண்டை போட்டிருந்தேன். குஷ்பு மேல் போட்ட 23 வழக்குகளையும் 2010 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது உனக்குப் போன் போட்டு 'ஜெயிச்சுட்டோம்டி' என்று கத்தினேன், ஞாபகம் இருக்கிறதா? கருத்துப் பிடிக்கவில்லை என்றால் பத்திரிகையில் பதில் சொல்லியிருக்கலாமே என்றுதான் நீதிபதிகளும் கேட்டார்கள். 'ஜெயிச்சுட்டோம்'. என்ன ஒரு துணிச்சல் எனக்கு! நீ ஒன்றும் சொல்லவில்லை, "ம்" என்றாய். அந்த 'ம்' இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

ரேவதி இன்னொன்றும் சொன்னாள், அதைக் கேட்காமலே இருந்திருக்கலாம். 1950களில் சாலமன் ஆஷ் என்று ஒருவர் அமெரிக்காவில் மாணவர்களை உட்காரவைத்து, முதலில் ஒரு கோட்டைக் காட்டி, பக்கத்தில் இருக்கும் மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்டார். குழந்தைக்கும் தெரிகிற பதில். ஆனால் கூட இருந்தவர்களெல்லாம் ஆஷின் ஆட்கள், வேண்டுமென்றே ஒரே தப்பைச் சொன்னார்கள். நிஜமாகப் பதில் சொல்ல வந்தவர்களில் நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது அந்தத் தப்பையே சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் கூட்டத்தில் ஒரே ஒரு ஆளைச் சரியான பதில் சொல்லவைத்தார். கூட்டத்தோடு ஒத்தூதுவது கால்வாசியாகக் குறைந்துவிட்டது. ஒரே ஒரு ஆள்தான் ராஜி. அன்றைக்கு அந்த அறையில் ஆறு பேரும் உனக்கு எதிரி என்றா நினைக்கிறாய்? நான் தலையைத் தூக்கி "அவ சொல்றதும் சரிதானே" என்று முனகியிருந்தாலே இன்னும் இரண்டு பேர் முனகியிருப்பார்கள். நீயும் மத்தியானச் சாப்பாட்டை மைதானத்து வேப்பமரத்தடிக்கு மாற்றியிருக்கமாட்டாய். அந்த வருஷம் முழுக்க நீ அங்கேதான் சாப்பிட்டாய். நாலாவது நாள் நானும் வந்து உட்கார்ந்தேன், ஊறுகாய் கொண்டுவந்தேன் என்று சொல்லிக்கொண்டு.

செல்வி ஒன்றும் கேட்கவில்லை. நாலாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு வருகிறாள், வந்ததும் "இன்னிக்கு கீரை நல்லாருக்கும்மா" என்கிறாள். அந்தக் குழுவில் அவள் இல்லை. 32 பேரில் நானும் ஒருத்தி என்று அவளுக்குத் தெரியாது. நேற்று நானே அவளோடு லிஃப்டில் ஏறிப்பார்த்தேன், இரண்டாவது மாடியில் கதவு திறந்து ஒருவர் பார்த்ததும் அவளாகவே இறங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கு மொட்டைமாடியில் கூட்டம். முதல் ஆளாகக் கை தூக்குவது என்று இருக்கிறேன், அந்த மூன்று பேரிடமும் சொல்லிவிட்டேன். ஒருவர் மட்டும் 'பார்க்கலாம்' என்று பதில் போட்டிருக்கிறார். நீ ஒன்பதரைக்கு ஒரு போன் போடு. சமாதானம் ஒன்றும் சொல்லாதே, அந்த ரயில் மாமாவைத் திட்டின மாதிரித் திட்டு.

உன்,
வசந்தா