ஸ்டீயரிங் பாக்ஸை மாற்றுவதற்கு முன்னால்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவுக்கு முழங்கால் வலிதான் இன்னும் விடவில்லை, மற்றபடி நலம்.

சரி, உன் மாருதி 800 விஷயம். மேடுபள்ளத்தில் டொக் டொக்கென்று சத்தம், ஸ்டீயரிங் பாக்ஸையே (ஸ்டீயரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம்) மாற்றணும் என்று மெக்கானிக் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே. போன வருஷம் என் வண்டியிலும் இதே சத்தம்தான், யாரோ சொன்னார்கள் என்று முன்னால் இரண்டு ஷாக் அப்சார்பரையும் மாற்றினேன், பணம் போனது, சத்தம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் ஸ்டெபிலைசர் பாரின் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் இரும்புக் கம்பி) ரப்பர் புஷ், அதாவது அந்தக் கம்பியைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம். கழற்றிக் கையில் வாங்கினேன், வட்டமாக இருக்கவேண்டிய ஓட்டை முட்டை மாதிரி நீண்டு, ஒரு ஓரம் வெடித்து, அழுத்தினால் விரலெல்லாம் கரி. 800-ல் அந்த பார்தான் லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தை அடியில் பிடித்திருக்கும் இரும்புக் கை, முன்பின்னாக அசையாமலும் பிடித்துக்கொள்கிறது, அதனால் புஷ் போய்விட்டால் பிரேக் அடிக்கும்போதும் டக்கென்று ஒரு அடி விழும். உன் வண்டியில் அந்த அடி விழுகிறதா என்று முதலில் கவனி.

அப்புறம், வண்டி தரையில் நிற்கும்போதே தம்பியை உட்காரவைத்து ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டச் சொல். நீ குனிந்து டை ராடு எண்டின் மேல், அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து வரும் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டின் மேல், கையை வை. காது ஏமாற்றும், சத்தம் பாடி முழுக்கப் பரவி வேறெங்கோ கேட்கும், ஆனால் தேய்ந்த ஜாயிண்ட்டின் தட்டல் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். அடுத்து ஜாக்கி போட்டு, ஸ்டாண்டும் கட்டாயம் வைத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டு. பிளே (தளர்ந்த ஆட்டம்) இருந்தால் தம்பியை பிரேக்கை மிதிக்கச் சொல், அப்போது ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் லோயர் ஆர்மைச் சக்கரத்தோடு சேர்க்கும் பால் ஜாயிண்ட்டைத்தான் சந்தேகப்படணும். முழுசாக ஒடித்துத் திருப்பி ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது மட்டும் கடக் கடக் என்றால் அது இன்ஜின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஆக்ஸிலின் ஜாயிண்ட், ஸ்டீயரிங்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றினால் ஒன்றை மறக்காதே: வண்டியை இறக்கி, எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் போல்ட்டைக் கடைசியாக முறுக்கச் சொல். தொங்கும்போதே முறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரமே கிழிந்துவிடும். நிறைய பேர் இதைச் செய்வதில்லை, பார்க்கும்போதே எனக்கு மனசு கேட்காது. டை ராடு எண்ட் மாற்றினால் வீல் அலைன்மெண்ட்டும் பார்த்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிட்டு எந்தப் பக்கம் பிளே என்று எழுது. பால் ஜாயிண்ட் என்று தெரிந்தால் மட்டும், அதை மாற்றாமல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு எங்கேயும் கிளம்பாதே. கழன்றுகொண்டால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும்.

அன்புடன்,
உன் மச்சான்