ரோடும் காரும் மட்டுமில்லை அப்பா

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். அம்மாவின் முட்டிவலி பரவாயில்லையா?

போன வாரம் போனில், "அங்க வந்தா பாக்க என்ன கண்ணு இருக்குது, ரோடும் காருந்தானே" என்று கேட்டீர்களே, அப்போது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரண்டு சனி ஞாயிறு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்து இந்த பர்மிங்ஹாமைச் சுற்றிவிட்டு இப்போது எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் பார்க்க வேண்டியது ஸ்லாஸ் உலைகள். ரயில் பாதையை ஒட்டித் துருவேறி நிற்கும் பழைய இரும்பு ஆலை, 1882 முதல் 1971 வரை ஓடியது, அப்புறம் இடித்துப் பழைய இரும்புக்குப் போடாமல் மியூசியமாக்கிவிட்டார்கள். இரும்புக்கல், நிலக்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றும் பக்கம் பக்கமாகக் கிடைத்ததால்தான் 1871-ல் இந்த ஊரே பிறந்தது. அந்தக் காலத்தில் கொட்டகைத் தரையில் மணல் பரப்பி, நடுவில் ஒரு வாய்க்கால், அதிலிருந்து வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் என்று அச்செடுத்து, உருகிய இரும்பைத் திறந்துவிடுவார்களாம். தாய்ப்பன்றியிடம் குட்டிகள் வரிசையாகப் பால் குடிப்பதுபோல் இருப்பதால்தான் அந்த இரும்புக் கட்டிக்கு பிக் அயர்ன், அதாவது பன்றி இரும்பு என்று பெயர். முப்பது வருஷம் பவுண்டரியில் அதைக் குப்போலாவில் போட்டு உருக்கினீர்கள், இந்தப் பன்றிக் கதையை ஒருநாளும் சொன்னதில்லையே! உலைச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன், துரு உள்ளங்கையில் செம்மண் மாதிரி ஒட்டிக்கொண்டது.

ஆனால் ஒன்று. வேலை முடிந்து குளிக்கிற இடம் வெள்ளையருக்குத் தனி, கறுப்பருக்குத் தனி. ஒரே உலையின் சூட்டில் வெந்தவர்களுக்கு! நம் பக்கத்து டீக்கடைகளின் இரட்டை டம்ளர்தான் ஞாபகம் வந்தது, உங்களுக்கும் வரும்.

அதை முழுசாகப் புரிந்துகொள்ள, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தைச் சொல்லும் சிவில் ரைட்ஸ் இன்ஸ்டிட்யூட் என்ற மியூசியத்துக்குப் போக வேண்டும். 1963 ஏப்ரலில் அந்தப் போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கை அடைத்து வைத்த இந்த ஊர்ச் சிறையின் கதவு அங்கே இருக்கிறது. எதிரே கறுப்பின மக்களின் 16-வது தெரு பாப்டிஸ்ட் சர்ச். அதே வருஷம் செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே குண்டு வெடித்து நான்கு பெண் குழந்தைகள் செத்துப்போனார்கள், மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. பக்கத்துப் பூங்காவில், அன்று போராடியவர்கள்மேல் போலீஸ் நாய்களை ஏவியதை நினைவுபடுத்த, நடைபாதையின் இரண்டு பக்கமும் போலீஸ் நாய்கள் பாய்கிற மாதிரி உலோகச் சிலைகள், நடுவில் புகுந்துதான் போக வேண்டும். சிலை என்று தெரிந்தும் நான் கையை மார்போடு ஒடுக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

மாண்ட்கோமெரி ஒன்றரை மணி நேர கார் பயணம். அடித்தும் தூக்கிலிட்டும் கொல்லப்பட்ட கறுப்பின மக்களுக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. 800-க்கும் மேற்பட்ட இரும்புத் தூண்கள், மாவட்டத்துக்கு ஒன்றாக, அதில் பெயர்கள். போகப் போகத் தரை இறங்கும், தூண்கள் தலைக்கு மேலே தொங்கும். அம்மாவைக் கூட்டிப்போவதா என்று இன்னும் யோசனையாகத்தான் இருக்கிறது.

அம்மாவுக்கு வல்கன் பிடிக்கும். மலைமேல் 56 அடி உயர வார்ப்பிரும்புச் சிலை, 1904 செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்காக வார்த்தது. ரோமானியர்களின் கொல்லர் சாமி. முன்பக்கம் ஏப்ரன் கட்டியிருக்கிறார், பின்பக்கம் ஒன்றுமே இல்லை, மலைக்குப் பின்னால் குடியிருப்பவர்களுக்குத் தினமும் அந்தத் தரிசனம்தான். முன்பு கையில் ஒரு விளக்கு இருந்ததாம், ரோட்டில் யாராவது விபத்தில் செத்தால் அன்று சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை.

ஹன்ட்ஸ்வில்லில், நிலாவுக்கு ஆள் அனுப்பிய ரகமான சாட்டர்ன் 5 ராக்கெட் நிஜமாகவே இருக்கிறது, அது தம்பிக்கு. பார்பர் மோட்டார் சைக்கிள் மியூசியத்தில் 1,000-க்கும் மேற்பட்ட வண்டிகள். உங்கள் ஜாவா இருக்கிறதா என்று தேடுவதற்குள் பூட்டுகிற நேரமாகிவிட்டது, அது உங்கள் வேலை.

அக்டோபரில் வாருங்கள், ஜூலையில் வெயிலும் புழுக்கமும் தாங்காது. செருப்பு ஆகாது, நல்ல ஷூ ஒன்று வாங்கி இப்போதிருந்தே போட்டுப் பழகுங்கள்.

அன்பு மகள்