சேர்வர் அறையைப் பூட்டிய பிறகு: யாழ்ப்பாணத்துப் பணிப்பாளர் சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணத்து நிறுவனங்களினதும் கூட்டுறவுச் சங்கங்களினதும் தனியார் மருத்துவமனைகளினதும் பணிப்பாளர் சபை உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் இந்த ஊரில் ஒரு வர்த்தக நிறுவனத்தின் கணினிப் பிரிவைப் பதினெட்டு வருடமாகப் பார்த்து வருகிறேன். சென்ற மாதம் நல்லூரில் ஒரு கலியாண வீட்டுப் பந்தியில், பக்கத்தில் இருந்த ஒரு பணிப்பாளர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்: “இப்ப எல்லாம் கிளவுட்டிலதானே தம்பி, உங்களுக்கு இனி என்ன வேலை?” கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். அவர்களுடைய கணினிப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றதும் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்களாம். மிச்சமான சம்பளத்தில் கிளவுட் பில், அதாவது இணையம் வழியாக வேறொரு நிறுவனத்தின் கணினிகளைப் பாவிக்கும் வாடகை, கட்டுகிறார்களாம். நான் பதில் யோசிப்பதற்குள் பாயாசம் வந்துவிட்டது. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டும் என்றால் போனிலேயே சொல்லியிருப்பேன். இதே முடிவை இன்னும் பல சபைகள் எடுக்கப்போவதாகக் கேள்விப்படுகிறேன்.

முதலில் என் பழைய வேலையைச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு சிறிய அறை, அதில் நிறுவனத்தின் கணக்குகளை வைத்திருக்கும் இரண்டு சேர்வர் கணினிகள், ஒரு யூபிஎஸ், இரவு பகலாக ஓடும் ஒரு ஏசி. ஏசியில் இருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு மாஜரின் வாளி. வாளியை ஊற்றுவதும் என் பொறுப்புத்தான். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று அறிவித்தார்களே, அந்த நாட்களில் என்னிடம் இருந்த பெரிய தொழில்நுட்பத் திறமை, ஜெனரேற்றருக்கு டீசல் எடுக்க வரிசையில் நிற்பது. அந்த வருடக் கடைசியில் கணக்குகளையும் களஞ்சிய விபரங்களையும் கிளவுட்டுக்கு மாற்றினோம். அமேசன் 2006இல் கணினியை வாடகைக்கு விடத் தொடங்கியது. 2016இல் மும்பாயில் தன் நிலையங்களைத் திறந்தது. எங்கள் கணக்குகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. அறையைப் பூட்டிச் சாவியைக் கொடுத்த அன்று எனக்கு நல்ல நித்திரை வந்தது. கிளவுட்டை நான் குறை சொல்லப்போவதில்லை. அந்த வாளியை இனி ஊற்ற வேண்டாம் என்பதே பெரிய காரியம்.

ஆனால் வேலை குறையவில்லை, அது இடம் மாறிவிட்டது. முதல் மாற்றம் காசில் தெரிந்தது.

முன்பு ஒரு சேர்வர் வாங்குவதென்றால் மூன்று இடத்தில் விலை கேட்டு, சபையில் வைத்து, நீங்கள் கையெழுத்துப் போட்டால்தான் காசு போகும். இப்போது என் பிரிவில் இருக்கும் ஒரு பொடியன் ஒரு பொத்தானை அழுத்தினால் போகும். அணைக்க மறந்தால் போய்க்கொண்டே இருக்கும். இது எங்களுக்கே நடந்தது. ஒரு சனி ஞாயிறுக்குச் சோதனைக்கென்று எழுப்பிய கணினி நாலு மாதம் சும்மா ஓடியது. நிதிப் பிரிவுக்கு வந்த பில்லில் எல்லாம் ஒரே வரியில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பொடியனை நான் ஏசவில்லை. பார்க்க வேண்டிய இடத்தில் நான் இருக்கவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு மாதமும் 5ஆம் திகதி கணக்காளரும் நானும் பில்லை விரித்து வைத்துக்கொண்டு, எந்தக் கணினி எந்தக் கிளைக்கு, எதற்கு என்று வரி வரியாகப் பார்க்கிறோம். பில்லோ டொலரில் வருகிறது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதம் 360ஐத் தொட்டதை எல்லோரும் பார்த்தோம். ஒரு கணினியும் கூட்டாமலே பில் ஏறக்கூடிய ஏற்பாடு இது.

இதில் நீங்கள் இல்லாமல் தீர்க்க முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வருடமோ மூன்று வருடமோ தொடர்ந்து பாவிப்போம் என்று வாக்குக் கொடுத்தால் கிளவுட் நிறுவனங்கள் விலையை நன்றாகக் குறைக்கும். கொடுக்கலாமா? தொழில்நுட்பத்தில் இதற்கு விடை இல்லை. கிளிநொச்சிக் கிளை மூன்று வருடம் இருக்குமா, புதிதாக வவுனியாவில் திறக்கப் போகிறோமா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது கிளை திறந்த பிறகு, இணைய இணைப்புக் கேட்டு வரும் கடிதத்தில்தான் தெரியவரும். அதற்குள் நான் தவறான அளவில் வாக்குக் கொடுத்திருப்பேன், அல்லது பயத்தில் கொடுக்காமல் விட்டு அதிக விலை கட்டியிருப்பேன்.

அப்புறம் சாவிகள். எனக்குத் தெரிந்த ஒரு நிறுவனத்தில் கிளவுட் கணக்கைத் திறந்தது ஒரு கெட்டிக்காரத் தம்பி. தன் சொந்த மின்னஞ்சலில் திறந்தார், தன் போன் இலக்கத்தைக் கொடுத்தார். அப்போது அதுதான் சுலபமாக இருந்தது. பிறகு அவர் கனடா போய்விட்டார். ஒருநாள் காலை பத்து மணிக்கு எல்லாம் நின்றது. உள்ளே போகக் கடவுச்சொல் இருக்கிறது, ஆனால் ஓடிபி ரொறொன்ரோவுக்குப் போகிறது. அங்கே நடுச்சாமம். முகாமையாளர், கணக்காளர், தம்பியின் சித்தப்பா என்று எல்லோரும் வட்ஸ்அப்பில் மாறி மாறி அடித்தார்கள். நல்ல பிள்ளை, எழும்பி இலக்கத்தைச் சொன்னார். அவர் கோபித்துக்கொண்டு போனவராக இருந்திருந்தால்? அந்த நிறுவனத்தின் முழு வியாபாரமும் சட்டப்படி யாருடைய பெயரில் இருந்தது என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். பழைய சேர்வர் அறைக்கு ஒரு பூட்டு, ஒரு திறப்பு. இப்போது ஆளுக்கொரு திறப்பு. யாரிடம் எது இருக்கிறது, யார் போகும்போது எதை வாங்கி வைப்பது என்று பார்ப்பதே பாதி வேலை.

நாங்கள் காணி உறுதியை வாசிக்கிற ஆட்கள். கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் உரிமை யாருக்கு என்று ஒரு சொல் விடாமல் பார்த்து, அரை அடி எல்லைக்குப் பத்து வருடம் வழக்காடுவோம். கிளவுட் உடன்படிக்கையை மட்டும் கடைசிப் பக்கத்துக்கு உருட்டி ‘சம்மதம்’ என்று அழுத்திவிடுகிறோம். அதில் என்ன இருக்கிறது என்றால், கட்டடம், மின்சாரம், இயந்திரம் அவர்களின் பொறுப்பு. உள்ளே வைக்கும் தரவு, அதை யார் திறக்கலாம் என்பது உங்கள் பொறுப்பு. தரவை உள்ளே போடப் பெரும்பாலும் காசில்லை, வெளியே எடுக்கும்போதுதான் ஜிபிக்கு இவ்வளவு என்று எண்ணுவார்கள். இதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும், கையெழுத்துக்கு முதலே சொல்ல வேண்டும்.

“கிளவுட்டில் இருந்தால் அழியாதுதானே?” என்பது நான் அதிகம் கேட்கும் கேள்வி. 2023 ஓகஸ்டில் எங்கள் அரசாங்கத்தின் சொந்த கிளவுட்டை, தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வெயர் தாக்கியது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையிலான மின்னஞ்சல்கள், சுமார் 5,000 முகவரிகளுக்கு உரியவை, திரும்பி வரவில்லை. அந்தக் காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதி இருக்கவில்லை. 2024 மே மாதம் அவுஸ்திரேலியாவில் யூனிசூப்பர் என்ற ஓய்வூதிய நிதியத்தின் கணக்கு, கூகுள் கிளவுட் பக்கத்தில் நடந்த ஒரு அமைப்புப் பிழையால் அப்படியே அழிந்தது. 6 லட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்கள் தங்கள் கணக்கைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். இரண்டு இடங்களில் பிரதி வைத்திருந்தும் இரண்டும் ஒன்றாகப் போயின. வேறொரு நிறுவனத்திடம் இன்னொரு பிரதி வைத்திருந்தது மீள்வதற்குப் பெரிதும் உதவியது. அப்படி வைக்கச் சொன்னவருக்கும் ஒருநாள் “இது எதற்கு இரண்டாவது செலவு?” என்ற கேள்வி வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஒரே பிரதியை நம்பி இருப்பது பற்றி 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட பிறகு இந்த ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

பிரதி இருந்தாலும் போதாது, எடுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் முதல்முறை முயன்றது ஒரு சனிக்கிழமை பின்னேரம். தரவு 600 ஜிபி, இணைப்பின் வேகம் விநாடிக்கு 50 மெகாபிட். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு தடங்கலும் இல்லாமல் வந்தாலே 26 மணி நேரத்துக்கு மேல். அதுவரை நான் மேலிடத்துக்கு “இரண்டு மணி நேரத்தில் மீட்டுவிடுவோம்” என்று எழுதிக் கொடுத்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இரண்டு நிறுவனங்களிடம் எடுத்த இரண்டு இணைய இணைப்புகளும் சந்தியில் ஒரே கம்பத்தில் இருந்துதான் வருகின்றன என்பதும் அன்று வயரைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் தெரிந்தது.

நோயாளர் விபரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை யாரையாவது வைத்து வாசித்துவிடுங்கள். தரவை மும்பாயிலோ சிங்கப்பூரிலோ வைத்தாலும் நோயாளிக்குப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சரி, நான் கேட்பது இதுதான். வரவுசெலவும் புதிய கிளையும் ஒப்பந்தமும் பேசும் கூட்டத்துக்கு உங்கள் கணினிப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். வெளியே கதிரையில் இருத்தி, புரொஜெக்டர் வேலை செய்யாதபோது மட்டும் கூப்பிடும் வழக்கத்தை விடுங்கள். ஆள் எடுக்கும் விளம்பரத்தில் ‘சேர்வர் பராமரிப்பு’ என்று எழுதுவதையும் நிறுத்தலாம்; பில் வாசிக்கவும், உடன்படிக்கை வாசிக்கவும், “வேண்டாம்” என்று சொல்லவும் தெரிந்த ஆளைத் தேடுங்கள். எங்களில் சிலருக்கு இது கஷ்டம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். வயரோடும் ஸ்குரூ டிரைவரோடும் வளர்ந்தவர்கள் நாங்கள். கூட்டத்தில் பேசச் சொன்னால் வியர்க்கும். எனக்கும் வியர்த்தது. இரண்டு மூன்று கூட்டத்துக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கலியாண வீட்டில் கேட்ட ஐயா இதை வாசித்தால், உங்கள் கிளவுட் கணக்கு எந்த மின்னஞ்சலில் திறந்திருக்கிறது என்று நாளைக்கே ஒருக்கா விசாரியுங்கள். பிரதியை மீட்டுப் பார்ப்பதென்றால் சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வருவேன். கட்டணம் வேண்டாம், பிளேன்ரீ போதும். ஆனால் 26 மணி நேரம் என்றால் இரவுச் சாப்பாடும் தர வேண்டி வரும்.

இப்படிக்கு,
ஒரு கணினிப் பிரிவுப் பொறுப்பாளர்
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்