காரை ஒளித்து வைத்திருக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கார்க் கடனில் மூன்று மாதத் தவணை பாக்கி என்றும், காரைச் செம்பனைக் காட்டுக்குள் நிறுத்தியிருக்கிறாய் என்றும் அத்தை சொன்னார். தோட்டத்து லய வீடுகளில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்று நடுத்தெரு வரை மணக்கும் சுங்கை சிப்புட்டில், ஒரு சிவப்புக் கார் எத்தனை நாள் ஒளிந்திருக்கும்?

வங்கி அனுப்பிய கடிதத்தை நீ பிரிக்கவே இல்லையாமே. பிரி. தவணையில் வாங்கும் கார்களுக்கான மலேசியாவின் 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் காரை எடுக்குமுன் வங்கி நோட்டீஸ் அனுப்பி 21 நாள் அவகாசம் தர வேண்டும். காரின் விலையில் முக்கால் பங்குக்கு மேல் கட்டியவரிடமிருந்து நீதிமன்ற உத்தரவு இல்லாமல் காரை எடுக்க முடியாது. நீயோ ஒன்பது ஆண்டுக் கடனில் மூன்றாம் ஆண்டில்தான் நிற்கிறாய்; அந்தப் பாதுகாப்பு உனக்கு இல்லை. அந்த 21 நாளுக்குள் நீயே கொண்டுபோய் ஒப்படைத்தால், இழுத்துச் செல்லும் செலவும் நிறுத்தி வைக்கும் செலவும் உன் தலையில் விழாது. ஆள் வந்து இழுத்துப் போனால் அவையும் கணக்கில் ஏறும்.

ஆனால் சாவியைக் கொடுத்தால் கடன் தீர்ந்தது என்று நினைக்காதே. நான் அப்படித்தான் நினைத்து, ஈப்போவில் சாவியைக் கொடுத்த அன்று நிம்மதியாகத் தூங்கினேன். 31,000 வெள்ளி (ரிங்கிட்) பாக்கி இருந்த கார் ஏலத்தில் 19,000 வெள்ளிக்குப் போனது. மீதி 12,000 வெள்ளிக்கு வந்த கடிதத்தின் நகல் ஒன்று, ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் போயிருந்தது. முப்பது ஆண்டு பால் மரம் சீவியவர். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உனக்கு ஜாமீன் போட்டவர் மாமா. அதனால் திங்கட்கிழமை முதலில் ஏகேபிகேயிடம் பேசு. மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது, காசு வாங்குவதில்லை. தவணையைக் குறைக்க வழி பிறந்தால் காரை வைத்துக்கொள். இல்லையென்றால், நீயே ஆள் பார்த்து விற்க வங்கி சம்மதிக்குமா என்று எழுத்தில் கேள். பெரும்பாலும் ஏலத்தைவிட நல்ல விலை கிடைக்கும்.

அதுவும் நடக்கவில்லையென்றால் ஒப்படைத்துவிடு. நான்கு பக்கமும் படம் எடு, மீட்டரையும் சேர்த்து. கையெழுத்திட்ட ரசீது வாங்காமல் சாவியைக் கொடுக்காதே. டாஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரையும் எடுத்துக்கொள். நான் மறந்துவிட்டேன்.

உன் அக்கா