எத்தனால் பணத்தில் கரும்பு பாக்கிக்கு முதல் உரிமை கொடுங்கள்

மத்திய உணவு, பொது விநியோக அமைச்சகத்துக்கு,

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் மூன்று ஏக்கர் கரும்பு போடுகிறவன் எழுதுகிறேன்.

கரும்பு எடுத்த 14 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15% வட்டி சேர்த்துத் தர வேண்டும் என்பது 1966ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை. ஒரு பருவத்தில் நான் அனுப்பிய கரும்புக்கு முழுப் பணமும் கைக்கு வர பதினோரு மாதம் ஆனது. வட்டியாக ஒரு ரூபாய்கூட வரவில்லை. வெட்டுக்கூலியை மட்டும் அன்றன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்தாக வேண்டும். அதற்காக என் மனைவியின் நகையை அடகு வைத்தேன். அந்த வட்டியை நாங்கள்தான் கட்டினோம்.

சர்க்கரை கிடங்கில் தேங்கிக் கிடக்கிறது, விற்றால்தானே கொடுக்க முடியும் என்று ஆலையில் சொன்னார்கள். சரி, அந்தத் தேக்கத்துக்கு மருந்தாகத்தான், கரும்பிலிருந்து வடித்துப் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைக் கொண்டுவந்தீர்கள். சர்க்கரை விற்றுப் பணமாக 3 முதல் 15 மாதம் ஆகும், எத்தனாலுக்கோ எண்ணெய் நிறுவனங்கள் சுமார் 3 வாரத்தில் பணம் போட்டுவிடும் என்று சொன்னதும் நீங்கள்தான். எத்தனால் வடிக்கும் கூடம் கட்ட ஆலைகள் வாங்கும் கடனுக்கு 2018 முதல் 6% வட்டியை, அல்லது வங்கி வட்டியில் பாதியை, எது குறைவோ அதை ஐந்து ஆண்டுக்கு அரசே ஏற்கிறது. இதை மனதார வரவேற்கிறேன். முன்பு கொடுத்த ஏற்றுமதி மானியத்தை உலக வர்த்தக அமைப்பின் நடுவர் குழு 2021 டிசம்பரில் விதிமீறல் என்றது. உபரியை உள்நாட்டிலேயே எரிபொருளாக்குவது அதைவிட நல்ல வழி.

ஆனால் அந்த மூன்று வாரப் பணம் எங்கள் வரைக்கும் வருவதில்லை.

சர்க்கரை ஆலையோடு சேராத தனி எத்தனால் ஆலைகளுக்கு 2022இல் ஒரு முத்தரப்பு ஒப்பந்தம் கொண்டுவந்தீர்கள். எண்ணெய் நிறுவனம், வங்கி, ஆலை மூன்றும் கையெழுத்திடும். எத்தனாலுக்கான பணம் ஒரு காப்புக் கணக்கில் விழும். கடன் தவணை அதிலிருந்து போகும். வங்கியின் பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. கரும்பைக் கொடுத்தவனுக்கும் இதே போன்ற ஒரு கணக்கு வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. சர்க்கரை ஆலை விற்கும் எத்தனால் பணத்திலிருந்து கரும்பு பாக்கி முதலில் போகட்டும், மற்றதெல்லாம் அப்புறம். 14 நாள் கெடுவை மீறும் ஆலைக்கு வட்டி மானியத்தை நிறுத்துங்கள்.

ஆலைகளின் பக்கமும் நியாயம் இருக்கிறது. கரும்புச்சாற்றில் எடுக்கும் எத்தனால் விலை 2022-23இல் லிட்டர் 65.61 ரூபாய், 2024-25இலும் அதேதான். அதற்குள் கரும்புக்கு ஆலை தர வேண்டிய ஆதார விலை குவிண்டாலுக்கு 305இலிருந்து 340 ஆகிவிட்டது. இரண்டையும் சேர்த்துத்தான் உயர்த்த வேண்டும். ஒன்றை மட்டும் உயர்த்தினால் பாக்கி எங்கள் தலையில்தான் விழும். 2023 டிசம்பர் 7 அன்று சாற்றில் எத்தனால் எடுக்கவே தடை போட்டு, ஒரு வாரம் கழித்து 17 லட்சம் டன் சர்க்கரைக்கு ஈடான அளவுக்கு மட்டும் தளர்த்தியது போல் அரவை நடக்கும்போது விதியை மாற்றவும் வேண்டாம். பத்து மாதம் முன்னால் கரணை ஊன்றியவன் அதற்கு என்ன செய்வான்?

இன்னும் அதிகமாகக் கரும்பு போட வழி கேட்டு இதை எழுதவில்லை. கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனாலுக்குச் சுமார் 2,860 லிட்டர் தண்ணீர் என்று நிதி ஆயோக் கணக்கிட்டிருக்கிறது. எங்கள் கிணற்றைப் பார்த்தாலே அது புரியும். போட்ட கரும்புக்குக் காலத்தில் பணம் வந்தால் போதும். அடுத்த அரவைப் பருவம் தொடங்கும் முன் இந்தக் காப்புக் கணக்குக்கு உத்தரவு போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி