பொங்கலுக்கு வா

வெள்ளவத்தை, கொழும்பு,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்பு மகளுக்கு,

நீ பெர்த்திலிருந்து அனுப்பின படத்தை அப்பாவுக்கும் மேல்மாடி அன்ரிக்கும் காட்டினேன். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் கடதாசியில் வெட்டின மாதிரிப் பூக்கள், நடுவில் பேத்தி குந்தியிருக்கிறாள். கொள்ளை வடிவு. அதன் கீழே, "எங்கட கடற்கரையில இப்படி ஒண்டும் இல்லைத்தானே அம்மா" என்று எழுதியிருந்தாய். அந்த "இல்லைத்தானே" எனக்கு மனதில் குத்திவிட்டது. அதனால்தான் வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடாமல் கடிதமாகவே எழுதுகிறேன்.

இருக்கிறது பிள்ளை. உங்கள் பக்கம் குளிர்கால மழை முடிய எல்லாம் ஒரேயடியாகப் பூத்துக் கொட்டுகிறது. இங்கே ஒவ்வொரு பூவுக்கும் ஒரு மாதம், ஒரு மணி நேரம் இருக்கிறது. அந்த நேரத்துக்குப் போய் நிற்பவருக்குத்தான் அது தெரியும்.

இன்று காலை ஆறரைக்கே இறங்கிப் போனேன். மரைன் டிரைவைக் கடந்து, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கல்லுக்கும் மணலுக்கும் இடையில் அடம்பன் கொடி படர்ந்து கிடந்தது. இலை ஆட்டுக் குளம்பு மாதிரி நடுவில் பிளந்திருக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். பூ குழல் வாயைப் போல விரிந்து, ஓரத்தில் வெளிறின ஊதா, உள்ளே போகப் போகக் கடும் ஊதா. ஒரு பூவுக்குள் கறுப்பு எறும்பு மூன்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. பாணந்துறைப் பக்கம் போகிற ரயில் கடந்தபோது அத்தனை பூவும் ஒரே பக்கம் சாய்ந்து திரும்ப நிமிர்ந்தன. மத்தியானம் கழிந்தால் அதே பூ சுருண்டு வாடிவிடும்.

நீ இரண்டாம் வகுப்பில் இருந்தபோது இதே இடத்தில் ஒரு பை நிறையப் பறித்து, ரீச்சருக்குக் கொடுக்கவென்று கொண்டுபோனாய். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அழுதுகொண்டு வந்தாய், பையில் ஈரத் துணி மாதிரி ஏதோ இருந்தது. பூ செத்துப்போச்சு என்றாய். அன்றைக்கு உன்னைச் சமாதானப்படுத்த என்னிடம் பதில் இருக்கவில்லை. ஒரு நாளில் பாதிதான் அதன் ஆயுள் என்று இப்போது பேத்திக்குச் சொல்லலாம். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்று அம்மம்மா வாய்க்கு வாய் சொல்வா. அது வெறும் பேச்சில்லை. கணுவுக்குக் கணு வேர்விட்டு, காற்றும் அலையும் கொண்டுபோகப் பார்க்கிற மணலைப் பிடித்து வைத்திருப்பது இந்தக் கொடிதான்.

திரும்பி வரும்போது பூவரசைப் பார். காலையில் மஞ்சள், அடியில் கடும் சிவப்புப் பொட்டு. பின்னேரம் அதே பூ சிவந்து கிடக்கும். இலையைச் சுருட்டி ஊதுகுழல் செய்வதைப் பேத்திக்கு அப்பாதான் பழக்க வேண்டும், எனக்கு ஒரு நாளும் சத்தம் வந்ததில்லை.

தெஹிவளை தாண்டி உள்ளே போனால் பெல்லன்வில – அத்திடிய சதுப்பு நிலம். 1990இல் சரணாலயமாக்கினார்கள், 372 ஹெக்டேயர். கொக்கும் நாரையும் பார்க்கத்தான் ஆட்கள் போகிறார்கள். நான் போவது அல்லிக்கு. இரவில் விரிகிற வெள்ளை அல்லி, வெயில் ஏறக் கூம்பிவிடும். நீல அல்லி காலையில்தான் விரியும். ஏழரை, எட்டு மணிக்கு நின்றால் ஒன்று மூடும் நேரம், மற்றது திறக்கும் நேரம். அந்த நீலம்தான் இந்த நாட்டின் தேசியப் பூ, சிங்களத்தில் நில் மானெல். எங்கள் ஆட்கள் அதை நெய்தல் என்று சொல்லி, கடலுக்கும் கடல் சார்ந்த நிலத்துக்கும் அதன் பெயரையே வைத்துவிட்டார்கள். அதைப் பார்க்காமல் பேத்தி எங்கள் கடற்கரையைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடாது.

நீர்கொழும்புப் பக்கம் போவதானால் முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் படகு எடுக்கலாம். காலி வீதியில் போனால் தாழம்புதர்கள். கிட்டப் போகாதே, முள் கிழித்துவிடும்.

ஆனால் நான் உன்னைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக நினைக்கிற இடம் தூரத்தில் இருக்கிறது. போன தை மாதம் அப்பாவும் நானும் கதிர்காமம் போய்த் திரும்பும்போது, அம்பலாந்தோட்டை தாண்டி உஸ்ஸன்கொட என்ற இடத்தில் இறங்கினோம். 2010இல் தேசியப் பூங்காவாக்கிய இடம். கடலை ஒட்டி ஒரு மேட்டு நிலம், மண் முழுக்கச் செங்கல் பொடி நிறம். இராவணனின் மயில் விமானம் இறங்கி மண் எரிந்தது என்று ஊரில் கதை. மண்ணில் நிக்கல் கூடுதல், மற்ற ஊர் மரம் செடி அதில் உயர வளராது. வளர்கிறவையும் நிலத்தோடு நிலமாகக் கிடக்கின்றன.

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கீழே குந்தின பிறகுதான் கண்டேன். விஷ்ணுகிராந்தி! சட்டைப் பொத்தானை விடச் சின்னப் பூ, அந்தச் சிவப்பு மண்ணில் நீலமாய்ச் சிந்திக் கிடந்தது. அப்புறம் தேடத் தேட, ஓரிதழ் தாமரையும் இருந்தது. நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த பொடியாக வாங்கிய அதே செடி. ஒரு இதழ் மட்டும் பெரிதாக, ரோஸ் நிறத்தில், நாக்கை நீட்டின மாதிரி. அறுபத்தாறு வயதில்தான் அதன் பூவை முதன்முதலாகப் பார்க்கிறேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அப்பா தண்ணீர்ப் போத்தலைத் தந்தார், ஒன்றும் கேட்கவில்லை.

காலையிலேயே போய்விட வேண்டும். நிழல் என்று ஒன்றுமில்லை, வெயில் ஏற விஷ்ணுகிராந்தியும் சுருங்கிவிடும். பூங்காவுக்குள் ஒன்றும் பறிக்கக்கூடாது, அதைப் பேத்திக்கு இப்போதே சொல்லி வை.

நீங்கள் எப்போதும் ஆடி லீவுக்குத்தான் வருகிறீர்கள். அந்த நேரம் இங்கே சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, அடிக்கும், கடல் கொந்தளித்துத் தண்டவாளத்துக் கல்வரை ஏறும், கொடியைப் பாதி அலை அறுத்துக்கொண்டு போய்விடும். தெற்கில் அந்தப் பக்கம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். கார்த்திகை, மார்கழி மழை விழுந்த பிறகுதான் அந்தச் சிவப்பு மண் பூக்கிறது. உங்களுக்கு மார்கழியிலிருந்து தை கடைசிவரை பள்ளிக்கூட லீவுதானே. இந்த முறை பொங்கலுக்கு வா. மருமகனுக்கு வேலையில் லீவு இல்லையென்றால் நீயும் பிள்ளையுமாவது வாருங்கள்.

ரிக்கற் போட்டதும் திகதியைச் சொல்லு, அப்பா வாடகை வானுக்குச் சொல்லி வைக்க வேண்டும். பேத்திக்கு அகலத் தொப்பி ஒன்று கொண்டுவா. இங்கே விற்பது அவளுடைய தலைக்குப் பெரிது.

அன்புடன்,
அம்மா