தீர்ப்பு அந்த சீசனிலேயே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் நிதி விதிகளை மீறியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளப்புகள் பற்றி உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். யார் எவ்வளவு செலவழித்தார்கள் என்பது அதில் விவரமாக இருந்தது. ஆனால் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுவது தீர்ப்பு வரும் காலம்தான். தவறு ஒரு சீசனில் நடக்கிறது, தண்டனை இன்னொரு சீசனில் விழுகிறது. நடுவில் நஷ்டப்பட்டவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எவர்ட்டன் வழக்கையே பாருங்கள். மூன்று ஆண்டுகளில் சேர்த்து ஒரு கிளப் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம் என்பது அப்போதைய விதி. அகாடமி (இளம் ஆட்டக்காரர்களை வளர்க்கும் பயிற்சிப் பள்ளி), பெண்கள் அணி போன்றவற்றுக்கான செலவு அந்தக் கணக்கில் சேராது. 2021–22 சீசனோடு முடிந்த காலத்துக்கு எவர்ட்டனின் நஷ்டம் 12.45 கோடி பவுண்டு என்று விசாரணை ஆணையம் முடிவு செய்தது. அதாவது 1.95 கோடி அதிகம். 2023 நவம்பரில் 10 புள்ளிகளைக் கழித்தார்கள். 2024 பிப்ரவரியில் மேல்முறையீட்டில் அது 6 ஆகக் குறைந்தது.

இப்போது அந்த 2021–22 புள்ளிப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். எவர்ட்டன் 39 புள்ளிகளோடு 16-ஆம் இடம். பர்ன்லி 35 புள்ளிகளோடு 18-ஆம் இடம். கடைசி மூன்று இடங்களில் ஒன்று என்பதால் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அந்த 6 புள்ளிகளை அதே ஆண்டில் கழித்திருந்தால் எவர்ட்டனுக்கு 33-தான். இறங்கியிருக்க வேண்டியது எவர்ட்டன், தப்பியிருக்க வேண்டியது பர்ன்லி. கீழே இறங்கிய கிளப்புக்கு டிவி பணம் போய்விடும், நல்ல ஆட்டக்காரர்களை விற்க வேண்டி வரும், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குக் கூட அது வயிற்றுப்பாட்டுப் பிரச்சினை. பின்னாளில் பர்ன்லி இழப்பீடு கேட்டுப் போனது நியாயம்தான், ஆனால் போன சீசன் பணத்தால் திரும்பி வராது.

இதில் ஷான் டைச்சின் நிலைமையை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது. பத்தாண்டு நெருங்கப் பர்ன்லியின் மேனேஜராக இருந்தவரை 2022 ஏப்ரலில், அணி தரமிறக்கத்தோடு போராடிக்கொண்டிருந்தபோது நீக்கினார்கள். 2023 ஜனவரியில் அவர் எவர்ட்டனுக்கு வந்தார். புள்ளிகள் கழிக்கப்பட்டபோது அந்தச் சுமையைத் தூக்கியதும் அவரே. அந்தச் செலவுகளில் அவருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. தண்டனைக்குப் பிறகு எவர்ட்டனின் அப்போதைய சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் நடந்த முதல் ஆட்டத்தில் ரசிகர்கள் லீக்கின் சின்னத்தோடு ‘ஊழல்’ என்று அச்சடித்த அட்டைகளைத் தூக்கிப் பிடித்தார்கள். அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பர்ன்லி ரசிகர்களின் கோபமும் புரிகிறது. இரண்டு ஊர்க்காரர்களையும் ஒரே நேரத்தில் ஏமாற்றியது இந்தத் தாமதம்தான்.

லீக் இதை ஓரளவு உணர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2023–24 முதல் கணக்கை டிசம்பர் இறுதிக்குள் கொடுக்க வேண்டும், ஜனவரியில் குற்றச்சாட்டு, சீசன் முடிவதற்குள் தீர்ப்பு என்று மாற்றினார்கள். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் மீது 2024 ஜனவரியில் குற்றம் சாட்டினார்கள், மார்ச் 18-ல் 4 புள்ளிகளைக் கழித்தார்கள். 6 ஆக இருக்க வேண்டியது. ஒப்புக்கொண்டு ஒத்துழைத்ததால் 2 குறைந்தது. தங்கள் ஆட்டக்காரர் பிரென்னன் ஜான்சனைக் கணக்கு முடியும் ஜூன் 30-க்குள் விற்றிருந்தால் மீறலின் அளவு வெகுவாகக் குறைந்திருக்கும். நல்ல விலைக்காகச் செப்டம்பர் வரை காத்திருந்தோம் என்ற ஃபாரஸ்டின் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. அடுத்த கணக்குக் காலத்துக்காக எவர்ட்டன் மீது வந்த இரண்டாவது வழக்கும் அதே வேகத்தில் முடிந்து இன்னும் 2 புள்ளிகள் போயின. தண்டனை சரியா என்று வாதாடலாம். ஆனால் கடைசி ஆட்டத்துக்கு முன்பே எல்லாருக்கும் தங்கள் நிலைமை தெரிந்திருந்தது.

சரி, அப்படியானால் மான்செஸ்டர் சிட்டி? 2023 பிப்ரவரி 6-ல் 100-க்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகளை லீக் அறிவித்தது. அவற்றில் முக்கியமானவை 2009–10 முதல் 2017–18 வரையிலான கணக்குகள் பற்றியவை. சிட்டி அனைத்தையும் மறுக்கிறது. நிரூபணமாகும்வரை அவர்கள் குற்றமற்றவர்கள் என்றே நானும் கருதுகிறேன். விசாரணை 2024 செப்டம்பரில் தொடங்கி டிசம்பரில் முடிந்தது. 2024–25 சீசன் முடிந்து கோப்பை கைமாறியபோதும் தீர்ப்பு வரவில்லை.

2012 மே 13-ஐ, அந்த சீசனின் கடைசி நாளை, நினைத்துப் பாருங்கள். சண்டர்லேண்டில் வென்றுவிட்டு மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் மைதானத்தில் காத்து நிற்க, சிட்டியின் அகுவேரோ கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் புள்ளிகள் சமமாகி, கோல் வித்தியாசத்தில் பட்டம் சிட்டிக்குப் போனது. குற்றச்சாட்டுகள் உண்மையானால், அன்று பட்டத்தை இழந்தவர்களுக்கு இப்போது எதைக் கொடுப்பீர்கள்? அவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். குற்றச்சாட்டுகள் பொய்யானால், அந்தக் கோலின் மேல் இத்தனை ஆண்டுகளாக விழுந்த சந்தேகத்தைத் துடைப்பது யார்? சிட்டி ரசிகர்களுக்கும் இது பெரிய அநியாயம்.

வழக்கு சிக்கலானது, ஆவணங்கள் ஏராளம் என்கிறார்கள். ஏற்கிறேன். ஆனால் இப்போது இருக்கும் ஏற்பாட்டில், வெளிப்படையாகக் கணக்குக் காட்டி ஒப்புக்கொள்பவனுக்கு இரண்டே மாதத்தில் தண்டனை. எதையும் ஏற்காமல் வாதாடுகிறவர்களுக்கு ஆண்டுக் கணக்கில் அவகாசம். ஐரோப்பியக் கால்பந்து சங்கம், தன் போட்டிகளில் ஆடக் கூடாது என்று 2020-ல் சிட்டிக்கு விதித்த இரண்டு ஆண்டுத் தடையை சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் ரத்து செய்தபோது, சில குற்றச்சாட்டுகள் காலாவதியாகிவிட்டன என்பதும் ஒரு காரணம். காலம் யாருக்குச் சாதகமாக வேலை செய்கிறது என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

இந்த விதிகளே வேண்டாம், பணம் இருப்பவன் செலவழிக்கட்டும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் பர்ரி கிளப்பை மறந்துவிட்டார்கள். 1885-ல் தொடங்கி எஃப்.ஏ. கோப்பையை இரண்டு முறை வென்ற கிளப் அது. பணப் பிரச்சினை தீராமல் 2019 ஆகஸ்டில், பிரீமியர் லீக்குக்குக் கீழே உள்ள டிவிஷன்களை நடத்தும் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது. விதி கட்டாயம் வேண்டும். ஆனால் சொந்த ஊர்ப் பையனை விற்கத் தூண்டும் விதியாக அது இருக்கக் கூடாது. அகாடமியில் வளர்ந்தவனுக்கு வாங்கிய விலை இல்லை; அவனை விற்றால் கிடைப்பதெல்லாம் கணக்கில் முழு லாபம் என்பதால்தான், 2024 ஜூன் இறுதியில் நியூகாசில் தன் மண்ணில் பிறந்த எலியட் ஆண்டர்சனை ஃபாரஸ்டுக்கு விற்றது.

2026–27 முதல் அளவுகோல் மாறுகிறது. அணிக்கான செலவு வருமானத்தில் 85 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அப்போதும் எது உண்மையான வருமானம், எந்த ஸ்பான்சர் பணம் உரிமையாளரின் சொந்தப் பையிலிருந்து வந்தது என்ற சண்டை வரத்தான் போகிறது. அதனால் புதிய விதியோடு கால வரம்பையும் எழுதிவைக்க வேண்டும். சாதாரண வழக்கு அந்த சீசனுக்குள் முடியட்டும். சிக்கலான வழக்கானாலும் குற்றம் சாட்டிய நாளிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் தீர்ப்பு வரட்டும். ஆவணம் தர மறுத்து இழுத்தடிக்கும் கிளப்புக்கு அதற்கென்றே தனியாகப் புள்ளிகளைக் கழிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்,
தூத்துக்குடி